பெல்ட்டும் டிஸ்க்கும்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு சேண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் சிறு பட்டறை அமைத்து மரவேலை பழகுகிறவர்கள், ரம்பத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் அடுத்தபடியாக வாங்க நினைப்பவற்றுள், உப்புத்தாளை மோட்டாரால் ஓட்டி மரத்தைத் தேய்க்கும் பெல்ட்-டிஸ்க் சேண்டரும் ஒன்று. அதைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த பிறகும், அந்த இயந்திரம் நம் வேலைக்கு உதவுமா என்பது தெரியாமலே இருக்கும். உப்புத்தாளைக் கையால் தேய்க்கும் சிரமத்தைக் குறைத்து, பலகையை வழவழப்பாக்கித் தரும் கருவி இது என்ற எண்ணம் பரவலாக இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். அந்த எண்ணத்தோடு வாங்கியவர் ஒரு மேசைப்பலகையை அதன்மீது வைத்துத் தேய்க்க முயன்று, பள்ளமும் கருகலுமாகப் பலகையைத் திரும்ப எடுப்பார். அது இயந்திரத்தின் குறையல்ல. அதற்கு உரிய வேலை வேறு.

இது எந்த வேலைக்கான கருவி

ஒரே மோட்டார் இரண்டு தேய்ப்புப் பரப்புகளை ஓட்டுகிறது. ஒன்று, இரண்டு உருளைகளுக்கு இடையே இழுத்துப் பூட்டப்பட்டு வளையமாக ஓடும் உப்புத்துணி, இது பெல்ட். மற்றொன்று, சுழலும் உலோக வட்டின்மேல் ஒட்டிய உப்புத்தாள், இது டிஸ்க். டிஸ்க்கின் முன்னால் சாய்க்கக்கூடிய சிறு மேசை ஒன்று இருக்கும். பெல்ட் பகுதியைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் திருப்பி நிறுத்தலாம்.

கையால் ஓட்டும் சேண்டரில் மரம் அசையாமல் இருக்க, கருவி நகர்கிறது. இங்கே தேய்க்கும் பரப்பு ஓரிடத்தில் நிற்க, மரத்தை நாம் அதனிடம் கொண்டுபோகிறோம். சமையலறைத் துருவியில் காயைத் தேய்ப்பதும் இப்படித்தான். துருவியில் நாம் காண்பவை மூன்றும் இங்கும் பொருந்தும். கைக்கு அடங்குகிற அளவுள்ள பொருளைத்தான் அதில் தேய்க்க முடியும். எந்தக் கோணத்தில் பிடிக்கிறோமோ அந்தக் கோணத்தில்தான் பொருள் தேயும். கடைசித் துண்டு சிறுக்கச் சிறுக்க விரல் பற்களை நெருங்கும்.

இரண்டாவதாகச் சொன்ன கோணத்தில்தான் இந்த இயந்திரத்தின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேசை டிஸ்க்குக்குச் சரியாக 90 பாகையில் நின்றால், அதன்மேல் வைத்துத் தேய்க்கும் ஒவ்வொரு துண்டின் முனையும் 90 பாகையில் அமையும். 45 பாகைக்குச் சாய்த்தால் முனையும் 45 பாகையில் சரியும். ஆகவே ரம்பத்தால் பென்சில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்துவிட்டு, மீதியைக் கோடு வரை மெதுவாகத் தேய்த்துக் கொண்டுவருவது, சட்ட முனைகளைச் செம்மையாக்குவது, மூலைகளை உருட்டுவது, வெளிவளைவுகளைச் சீராக்குவது ஆகியவையே இதன் இயல்பான வேலைகள். அரமும் இழைப்புளியும் செய்கிற வேலைக்கு இது நெருக்கமானது. வார்னிஷ் பூசுவதற்கு முன் செய்யும் கடைசித் தேய்ப்புக்கு இது உரியதல்ல.

டிஸ்க்: ஒரே வட்டில் பல வேகங்கள்

டிஸ்க்கில் ஓரம் முதல் மையம் வரை ஒரே உப்புத்தாள்தான் ஒட்டியிருக்கிறது. எனினும் அதன் எல்லா இடமும் மரத்தை ஒரே வேகத்தில் தேய்ப்பதில்லை. ஒரு புள்ளி ஒரு சுற்றில் கடக்கும் தூரம், மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உப்புத்தாள் ஒரு நிமிடத்தில் மரத்தின்மேல் கடக்கும் தூரத்தைப் பரப்பு வேகம் என்று அழைக்கிறோம். தேய்ப்பின் விரைவையும் சூட்டையும் முடிவுசெய்வதில் இந்த வேகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

150 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க் நிமிடத்துக்கு 2,850 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பில், உப்புத்தாளில் பதிந்துள்ள துகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,340 மீட்டர் கடக்கிறது. மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளியுள்ள துகள் அதில் மூன்றில் ஒரு பங்கான 450 மீட்டர் அளவுக்குத்தான் கடக்கிறது. நட்டநடு மையமோ அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறதே தவிர, எதையும் தேய்ப்பதில்லை. அகலமான ஒரு சட்டத்தை டிஸ்க்கில் அசையாமல் அழுத்தினால், விளிம்புப் பக்கம் விரைவாகவும் உட்பக்கம் மெதுவாகவும் தேய்ந்து முனை கோணிப்போவது இதனால்தான். மரத்தைச் சிறிது இடவலமாக நகர்த்திக்கொண்டே தேய்த்தால் இந்த வேறுபாடு பரவிக் குறைந்துவிடும்.

ஆர்.பி.எம். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான் நிகழ்கிறது. 300 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 1,440 முறை சுழன்றால் அதன் விளிம்பு வேகம் ஏறத்தாழ 1,360 மீட்டர் ஆகிறது; அதாவது, இரு மடங்கு ஆர்.பி.எம். கொண்ட 150 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு வேகத்துக்கு ஏறக்குறைய சமம். விட்டத்தைச் சொல்லாமல் ஆர்.பி.எம். மட்டும் சொன்னால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

டிஸ்க்கின் ஒரு பாதி மேலிருந்து கீழாகவும், மறுபாதி கீழிருந்து மேலாகவும் ஓடுகிறது. கீழிறங்கும் பாதி மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்துகிறது. மேலேறும் பாதி மரத்தைத் தூக்கி எறிகிறது. எனவே 150 மி.மீ. டிஸ்க் என்றால் நாம் நம்பிக்கையோடு பயன்படுத்தக்கூடிய அகலம் அதில் பாதியான 75 மி.மீ. மட்டுமே; மையத்தை ஒட்டிய மந்தமான பகுதியையும் கழித்தால் அதுவும் குறையும். விற்பனைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அளவை வாங்குபவர் மனத்தில் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

பெல்ட்: நேர்க்கோட்டில் ஓடும் பரப்பு

பெல்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் அகலம் முழுவதும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஓடுகிறது. ஆகவே அது விடும் கீறல்கள் நேர்க்கோடுகளாக இருக்கும். மரத்தின் நாரோட்டத்தை பெல்ட் ஓடும் திசைக்கு இணையாக வைத்துப் பிடித்தால், கீறல்கள் நாரோடு கலந்து கண்ணுக்கு அதிகம் தெரியாது. டிஸ்க்கின் கீறல்களோ வில்போல வளைந்தவை. நாரைக் குறுக்கே வெட்டிச் செல்பவை. சட்டத்தின் நீளப்பக்கத்தை பெல்ட்டிலும், குறுக்கே அறுத்த முனையை டிஸ்க்கிலும் தேய்ப்பது என்ற பழக்கம் இதிலிருந்து வந்தது.

இன்னொரு வேறுபாடு சூட்டில் இருக்கிறது. 100 மி.மீ. அகலமும் 915 மி.மீ. நீளமும் கொண்ட பெல்ட்டின் தேய்ப்புப் பரப்பு 915 சதுர செ.மீ.; அதே இயந்திரத்தில் வரும் 150 மி.மீ. டிஸ்க்கின் பரப்பு 177 சதுர செ.மீ. மட்டுமே. மேலும், நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடும் அந்த பெல்ட்டில் ஒரு துகள் நொடிக்கு ஐந்தாறு முறைதான் மரத்தைச் சந்திக்கிறது. இடையே காற்றில் ஓடி ஆறுகிறது. 2,850 ஆர்.பி.எம். டிஸ்க்கில் உள்ள துகளோ நொடிக்கு 47 முறை மரத்தை உரசுகிறது. டிஸ்க்கில் மரம் எளிதில் கருகுவதற்கும், டிஸ்க்தாள் விரைவில் மழுங்குவதற்கும் காரணம் இதுவே. பெல்ட் நீளமாக நீளமாக ஓடும் வேகம் கூடிவிடுவதில்லை. வேகத்தை முடிவுசெய்வது ஓட்டும் உருளையின் சுற்றளவும் அது சுழலும் வேகமும்தான். நீளம் தருவது ஆறுவதற்கான நேரமும் கூடுதல் ஆயுளும்.

பெல்ட் ஏன் பக்கவாட்டில் நழுவிப் போவதில்லை என்று புதியவர்கள் வியப்பதுண்டு. இதற்கென, உருளையின் நடுப்பகுதி ஓரங்களைவிட மயிரிழை அளவு பருத்திருக்கும். ஓடும் பெல்ட்டுக்குப் பருத்த இடத்தை நோக்கி ஏறும் இயல்பு உண்டு. அது நடுவில் நிலைகொள்ளும்படி ஓர் உருளையைச் சிறிதளவு சாய்க்க ஒரு திருகு கொடுத்திருப்பார்கள். நல்ல இயந்திரத்தில் இந்தத் திருகை ஒருமுறை திருப்பி வைத்தால் பெல்ட் மாற்றும்வரை அதைத் தொட வேண்டியிராது. மலிவான சிலவற்றில், மரத்தை அழுத்தும்போதெல்லாம் பெல்ட் ஓரத்துக்கு ஓடி இயந்திரத்தின் சட்டத்தை அறுக்கும். வாங்கும் இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்ல முடியுமானால், முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: டிஸ்க், மேசையின் துணையோடு கோணத்தைத் துல்லியமாக்கும், ஆனால் விரைவில் சூடாகும், பெல்ட் நீளப்பக்கங்களையும் வளைவுகளையும் சீராக்கும், சூட்டையும் தாங்கும். இரண்டில் எதை நாம் அதிகம் பயன்படுத்துவோம் என்பதைப் பொறுத்தே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளவுகள்

வீட்டுப் பட்டறைக்கான இயந்திரங்களில் இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று, 4 அங்குலத்துக்கு 36 அங்குல பெல்ட்டும் 6 அங்குல டிஸ்க்கும் கொண்டது. சிலவற்றில் டிஸ்க் 8 அங்குலமாக இருக்கும். மற்றொன்று, 6 அங்குலத்துக்கு 48 அங்குல பெல்ட்டும் 9, 10 அல்லது 12 அங்குல டிஸ்க்கும் கொண்டது. முதல் வகையை ஒருவர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் தனித் தாங்கியும் நிலையான இடமும் தேவைப்படும்.

பொம்மைகள், சிறு பெட்டிகள், படச்சட்டங்கள் போன்றவற்றுக்கு முதல் வகையே போதுமானது. நாற்காலி, மேசைக் கால்கள் என்று பெரிதாகச் செய்பவருக்கு டிஸ்க்கின் பயன்படும் பாதி போதாமல் போகும். அவர் இரண்டாவது வகையைப் பார்ப்பது நல்லது. 1 அங்குல அகலத்தில் 30 அங்குல பெல்ட் கொண்ட ஒடுங்கிய வகை ஒன்றும் உண்டு. கத்தி தீட்டுவதற்கும் குறுகிய உள்வளைவுகளுக்கும் அது ஏற்றது. பலகை முனையைச் செம்மையாக்க உதவாது.

வாங்கும் இயந்திரத்துக்குரிய அளவு பெல்ட் சந்தையில் எளிதாகக் கிடைக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும், பெல்ட்டோ தேய்ந்துபோகும் பொருள். வழக்கத்தில் இல்லாத அளவுள்ள இயந்திரம் பெல்ட் கிடைக்காமல் மூலையில் கிடக்கும்.

மோட்டார்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 746 வாட் ஒரு குதிரைத்திறன். சிறிய வகைக்கு 375 வாட் அளவு போதும், பெரிய வகைக்கு 750 வாட் அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. கரித்தூரிகை இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் அமைதியாக ஓடும், சுமை ஏறினாலும் வேகத்தை அதிகம் விடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது சுமார் 2,850 அல்லது 1,440 ஆர்.பி.எம்.மில் ஓடும், மேலே எடுத்துக்காட்டுகளில் வந்த எண்கள் அங்கிருந்து வந்தவையே.

மோட்டாரின் தகட்டில் குதிரைத்திறனைவிடக் கவனிக்கத்தக்க ஒரு குறி உண்டு. எஸ்1 என்று இருந்தால், அந்தத் திறனில் அது இடைவிடாமல் ஓடலாம். எஸ்2 என்று எழுதிப் பக்கத்தில் 15 நிமிடம் என்று போட்டிருந்தால், அந்தத் திறனில் 15 நிமிடம் ஓடியபின் முழுவதும் ஆறவிட வேண்டும் என்று பொருள். வாட் எண்ணில் பெரிதாகத் தெரியும் சில மோட்டார்களின் உண்மை நிலை இந்தச் சின்னக் குறியில்தான் வெளிப்படும்.

மேசையும் தகடும்: பணம் செலவழிக்க வேண்டிய இடம்

என் கருத்தில், ஒரு சேண்டரின் மதிப்பு மோட்டாரில் இல்லை. அதன் மேசையிலும், பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டையான உலோகத் தகட்டிலும் இருக்கிறது. வடிவமாக்கும் கருவிக்கு நேர்த்தியான ஆதாரப் பரப்பு இல்லையென்றால், எவ்வளவு வலுவாகச் சுழன்றாலும் அது கோணலையே விரைவாக உண்டாக்கும்.

மேசை வார்ப்பிரும்பாகவோ தடித்த அலுமினிய வார்ப்பாகவோ இருக்கட்டும். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த மேசை, மரத்தை அழுத்தும்போது வளையும். மேசையின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினாலே இது தெரிந்துவிடும். மேசைக்கும் டிஸ்க்குக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். அகன்ற இடைவெளியில் சிறு துண்டுகள் உள்ளே இழுக்கப்பட்டு மாட்டிக்கொள்ளும்.

மேசை உண்மையிலேயே 90 பாகையில் நிற்கிறதா என்பதை அதில் ஒட்டியிருக்கும் பாகைமானியை நம்பி முடிவுசெய்யக் கூடாது. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அதைவிடக் கூர்மையான வழி ஒன்று உண்டு. இருபக்கமும் மட்டமான, இணையான ஒரு மரத்துண்டை மேசைமேல் வைத்து அதன் முனையைத் தேய்க்க வேண்டும். இயந்திரம் முழுவதும் நின்றபின், துண்டை மேல்பக்கம் கீழாகப் புரட்டி, தேய்த்த அதே முனையை டிஸ்க்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கோணம் சரியாக இருந்தால் முனை மேலிருந்து கீழ்வரை டிஸ்க்கில் ஒட்டி நிற்கும். அரைப் பாகை பிழை இருந்தால், புரட்டியதால் அது இரட்டித்து ஒரு பாகை இடைவெளியாகக் கண்ணுக்குத் தெரியும். மேலே ஒளி கசிகிறதா கீழே கசிகிறதா என்பதைக் கொண்டு மேசையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றும் அறியலாம்.

டிஸ்க் ஆடாமல் சுழல்கிறதா என்று பார்ப்பதும் எளிது. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு மரக்கட்டையை டிஸ்க்கின் முகத்துக்கு மயிரிழை இடைவெளியில் மேசைமேல் வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உரசி மறுபக்கம் விலகினால், அந்த இயந்திரத்தை வாங்காமல் விடுவதே மேல். இந்தக் குறையை வீட்டில் சரிசெய்வது அரிது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்தகட்டின்மேல் இரும்பு அளவுகோலின் விளிம்பை நிமிர்த்தி வைத்து, எதிரே விளக்கொளியில் பார்த்தால் தகட்டின் மேடுபள்ளம் தெரியும். அதன்மேல் கிராஃபைட் பூசிய துணி ஒட்டியிருந்தால் பெல்ட்டின் பின்பக்கம் உரசும் சூடு குறையும்.

துகள் எண்ணும் கருகலும்

உப்புத்தாளில் உள்ள கூர்மணிகளின் பருமனைக் குறிக்கும் எண் துகள் எண். எண் பெரிதாக ஆக மணி சிறிதாகும். பி80 தாளின் மணிகள் சராசரியாக 200 மைக்ரான் பருமன் கொண்டவை, பி120 தாளின் மணிகள் 125 மைக்ரான். பெரிய மணிகளுக்கு இடையே இடைவெளி அதிகம்; அதில் மரத்தூள் தங்கி வெளியேறும். நுண்மணித் தாளில் அந்த இடம் விரைவில் அடைந்துவிடும். தூள் அடைந்த தாள் வெட்டுவதில்லை. உரசிச் சூட்டைத்தான் எழுப்பும்.

இதனால் டிஸ்க்குக்கு பி80, பெல்ட்டுக்கு பி80 முதல் பி120 வரை என்று வைத்துக்கொள்வது தொடக்கநிலையில் பொருத்தமானது. வழவழப்பு வேண்டும் என்று டிஸ்க்கில் பி240 ஒட்டுபவர் பெறுவது பழுப்பேறிய முனையைத்தான். மரம் கருகினால் நாம் இயல்பாகச் செய்வது இன்னும் அழுத்துவது. செய்ய வேண்டியது அழுத்தத்தைக் குறைத்து, மரத்தை நகர்த்திக்கொண்டே இருப்பது. சுத்தம் செய்வதற்கென்று விற்கும் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் சில நொடிகள் பிடித்தால், அடைந்த தூள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தாள் மீண்டும் வெட்டத் தொடங்கும்.

டிஸ்க்தாள்கள் பசையோடு வருபவை, வெல்க்ரோவோடு வருபவை என இருவகைப்படும். வெல்க்ரோ மாற்றுவதற்கு வசதியானதுதான். ஆனால் அதன் மெத்தென்ற அடித்தளம் மரத்தின் விளிம்புகளைச் சிறிது உருட்டிவிடும். கூரான செங்கோண விளிம்பு வேண்டுபவர்கள் பசைத்தாளையே விரும்புவார்கள்.

தூசியும் விரலும்

இந்த இயந்திரம் உண்டாக்குவது சீவல் அல்ல, பொடி. அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பொடிதான் நுரையீரல்வரை செல்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. ஆகவே தூசி உறிஞ்சும் குழாயை மாட்ட இடமில்லாத இயந்திரத்தை, மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும், வீட்டுக்குள் பயன்படுத்தப் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க்குக்கும் பெல்ட்டுக்கும் தனித்தனி வாய் இருப்பது இன்னும் நல்லது. குழாய் இருந்தாலும் என்95 தரத்திலான முகக்கவசம் தேவை.

கையுறை அணியக் கூடாது. ஓடும் பரப்பு அதன் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். விரல் நீளத்துக்குக் குறைவான துண்டுகளைக் கையால் பிடிக்காமல், பெரிய கட்டையில் இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒட்டிப் பிடிக்கலாம். சுவிட்சை நிறுத்தியபின்னும் டிஸ்க் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். மோட்டாரின் ஒலி அடங்கியதை வைத்து அது நின்றுவிட்டதாகக் கருதிக் கையை நீட்டக் கூடாது. இலகுவான இயந்திரமாக இருந்தால், பலகையில் திருகிப் பூட்டாமல் ஓட்டவே வேண்டாம்.

இரும்பையும் இதில் தேய்க்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தேய்க்கலாம், ஆனால் முதலில் மரத்தூளை இயந்திரத்திலிருந்தும் தூசி சேரும் பையிலிருந்தும் முற்றிலும் அகற்றி, உறிஞ்சும் குழாயையும் கழற்றிவிட வேண்டும். இரும்பிலிருந்து பறக்கும் பொறி மரத்தூள் பைக்குள் போனால், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளேயே கனன்று, பல மணிநேரம் கழித்துப் பட்டறை பூட்டியிருக்கும்போது தீயாக எழக்கூடும். இரண்டு வேலையும் அடிக்கடி செய்பவர், இரும்புக்கென்று அந்த ஒரு அங்குல ஒடுங்கிய இயந்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்வது சிறந்தது.